முந்நூறு பவுண்டுக்குப் பழைய பிரிட்டிஷ் நோட்டு: எதில் தொடங்கலாம்?

பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1694-இல் பிறந்த ஆண்டே நோட்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆண்டு பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வந்தது. அப்புறம் ஊருக்கு ஊர் தனியார் வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்தன. இங்கிலாந்தில் கடைசி வரை அப்படி அடித்தது சாமர்செட் பகுதியில் வெலிங்டன் என்ற சின்ன ஊரின் ஃபாக்ஸ் ஃபவுலர் வங்கி. 1921-இல் அதுவும் நின்றது. இத்தனை காகிதத்துக்கு நடுவில் புதிதாகச் சேர்க்க வருபவர் எதைக் கையில் எடுப்பது? முந்நூறு பவுண்டு ஒதுக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பணத்துக்கு எட்டக்கூடிய வழிகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் காசாளர்கள் மையில் எழுதிக் கொடுத்த நோட்டுகளுக்கு இந்தத் தொகை காணாது. அவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன்னுடைய எந்த உண்மையான நோட்டுக்கும், அது எத்தனை பழையதானாலும், முகமதிப்பைக் கொடுத்துவிடும். 1930-இல் வந்த ஐந்து பவுண்டு நோட்டை இன்று நீட்டினாலும் ஐந்து பவுண்டு உண்டு. அரை பவுண்டான பத்து ஷில்லிங் நோட்டுக்கு ஐம்பது பென்ஸ். “அதனால் இதில் நஷ்டமே வராது” என்று பேசுகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். நூற்றைம்பது பவுண்டு கொடுத்து வாங்கிய நோட்டுக்கு ஐந்து பவுண்டு உத்தரவாதம் இருந்து என்ன பிரயோஜனம்? நோட்டு சேர்ப்பதை முதலீடாக நினைத்து வருபவருக்கு நான் சொல்லப்போவது உதவாது. வரலாற்றைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்புபவருக்குத்தான் இது.

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டுக்கு. ஒயிட் ஃபைவர் என்று சொன்னால்தான் கடைக்காரருக்குப் புரியும். 211 மில்லிமீட்டர் நீளம், 133 அகலம். இன்றைய பணப்பையில் மடிக்காமல் வைக்க முடியாது. வெள்ளைக் காகிதம், ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையில் அச்சு, இடது மேல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்ணுருவம்), நடுவில் கேட்டவுடன் பணம் தருவதாகச் சுழித்து எழுதிய வாக்குறுதி. அந்தப் பருத்தி, லினன் காகிதம் 1724-இலிருந்து ஹாம்ப்ஷயரில் போர்ட்டல் குடும்பத்தின் ஆலையில் செய்யப்பட்டு வந்தது. 1793-இல் முதல் ஐந்து பவுண்டு நோட்டு வந்ததிலிருந்து 1950-கள் வரை இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

நோட்டில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அதனால் அப்பா பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று தேடி வாங்குபவர்கள் நிறைய. ஆனால் என்னைக் கேட்டால் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பின்பக்கம் வெறுமை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஐந்து பவுண்டு என்பது ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைவிட அதிகம். அதை யாராவது நீட்டினால் கடைக்காரர் பெயரும் விலாசமும் எழுதச் சொல்வார். என்னிடம் இருக்கும் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் சாய்வாக ஒரு குடும்பப் பெயர், அதற்குக் கீழே மங்கிய ஊதா நிறத்தில் ஒரு வங்கிக் கிளையின் முட்டை வடிவ முத்திரை, ஓரத்தில் கட்டாகச் சேர்த்துக் குத்திய குண்டூசியின் இரண்டு துளைகள். நோட்டுக்கடை மொழியில் இவை எல்லாம் குறைகள், விலையைக் குறைப்பவை. எனக்கு அந்தப் பெயர் இல்லாத நோட்டு வேண்டாம்.

இதிலே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி, சாக்சன்ஹௌசன் வதைமுகாமில் யூதக் கைதிகளை வைத்துப் பெருமளவில் பிரிட்டிஷ் கள்ள நோட்டு அடித்தது. பெர்ன்ஹார்ட் க்ரூகர் என்ற, நாஜிகளின் எஸ்எஸ் படை அதிகாரி நடத்தியதால் பெர்ன்ஹார்ட் நடவடிக்கை என்று பெயர். ஐந்து, பத்து, இருபது, ஐம்பது பவுண்டு எல்லாம் அடித்தார்கள். துருக்கியின் அங்காராவில் பிரிட்டிஷ் தூதர் வீட்டு வேலைக்காரராக இருந்து ஜெர்மனிக்கு ரகசியம் விற்ற, சிசரோ என்ற மறைபெயர் கொண்ட உளவாளிக்குக்கூட இந்தக் கள்ளப் பணத்தையே கொடுத்தார்கள். போர் முடியும்போது பெட்டி பெட்டியாக ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரியில் போட்டார்கள். இங்கிலாந்தில் விளைவு என்னவென்றால், 1943-இல் பத்து பவுண்டும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் வெளியிடுவது நின்றது. மறுபடி பத்து பவுண்டு நோட்டு வர 1964 ஆகிவிட்டது.

அந்தக் கள்ள நோட்டுகள் இப்போது தாமே சேகரிப்புப் பொருள். நன்றாகவே விலை போகின்றன. தெரிந்து வாங்கினால் தப்பில்லை. தெரியாமல் வாங்காமலிருக்க ஒரு சுலபமான வழி உண்டு: தலைமைக் காசாளரின் கையெழுத்தைப் பாருங்கள். கள்ள நோட்டுகளில் பெரும்பாலும் பெப்பியட் கையெழுத்து இருக்கும். 1949-இலிருந்து கையெழுத்திட்ட பீல், 1955-இலிருந்து ஓ’பிரையன் இருவருடைய வெள்ளை நோட்டுகளும் போருக்குப் பிந்தியவை, எனவே அந்தச் சந்தேகமே இல்லை. ஓ’பிரையனோடு 1956-இல் வெள்ளை நோட்டு அடிப்பதும் நின்றது; 1961 மார்ச்சில் கடைகளில் செல்லாததாயிற்று.

விலை? நடுத்தர நிலையில் உள்ள பீல் அல்லது ஓ’பிரையன் நோட்டு நூறு பவுண்டைத் தாண்டும். மடிப்பு குறையக் குறைய இருநூறை நெருங்கும். போருக்கு முந்திய வெள்ளை நோட்டுகளில் லண்டன் என்பதற்குப் பதில் லீட்ஸ், பிளிமத், ஹல் என்று கிளை நகரத்தின் பெயர் போட்டிருந்தால் விலை இன்னும் எங்கேயோ போய்விடும். ஆக, பட்ஜெட்டில் பாதி ஒரே நோட்டில் போகிறது. இரண்டாவது வாங்கினால் அதுவும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், தேதியும் கையெழுத்தும் வேறு. சேகரிப்பு என்பதைவிட, சட்டம் போட்டு மாட்டுகிற ஒற்றைப் பொருளாக நின்றுவிடும் ஆபத்து இதில் உண்டு.

இரண்டாவது வழி, கருவூல நோட்டுகள். 1914 ஆகஸ்ட் வரை சாதாரணப் பிரிட்டிஷ்காரர் நோட்டைத் தொட்ட நாட்கள் குறைவு. சட்டைப் பையில் சாவரின் என்ற ஒரு பவுண்டு தங்க நாணயம் இருந்தது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் மிகச் சிறிய நோட்டே ஐந்து பவுண்டு. முதல் உலகப் போர் வந்ததும் மக்கள் தங்கத்தை எடுத்துப் பதுக்கிவிடுவார்கள் என்ற பயம் வந்தது. வங்கி விடுமுறையை மூன்று நாள் நீட்டினார்கள். 7-ஆம் தேதி கதவு திறந்தபோது கவுண்டரில் புது ஒரு பவுண்டு நோட்டு இருந்தது, ஒரு வாரத்தில் பத்து ஷில்லிங்கும் வந்தது. வெளியிட்டது கருவூலம், பேங்க் அல்ல. காகிதம் கிடைக்காமல் தபால்தலை அச்சடிக்கும் தாளில் அடித்தார்கள். கருவூலச் செயலர் ஜான் பிராட்பரியின் கையெழுத்து இருந்ததால் மக்கள் அதை “பிராட்பரி” என்றே கூப்பிட்டார்கள். 

வரலாற்றுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. அவசரத்தில் பிறந்த பணம் என்பது அந்த முதல் வெளியீட்டின் சின்ன அளவிலும் எளிய அச்சிலும் அப்படியே தெரியும். 1917-இல் வந்த மூன்றாம் வெளியீட்டின் ஒரு பவுண்டில் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ் ஒரு பக்கம், பின்னால் நாடாளுமன்றக் கட்டடம், அதற்குள் சுதாரித்துவிட்டார்கள். 1919-இலிருந்து வாரன் ஃபிஷர் கையெழுத்து. ஃபிஷர் நோட்டுகளில் ஒரு அழகான மாற்றம் உண்டு: முதலில் “கிரேட் பிரிட்டனும் அயர்லாந்தும்” என்று இருந்த நாட்டின் பெயர், 1927-இல் “கிரேட் பிரிட்டனும் வட அயர்லாந்தும்” ஆனது. அயர்லாந்து பிரிந்துபோனதை ஒரு நோட்டுத் தலைப்பு ஒப்புக்கொள்ள ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே ஒரு ஜோடி வாங்கலாம்.

ஆனால் இங்கே நிலைதான் பிரச்சினை. முதல் வெளியீடு மெல்லிய தாள், கிழிந்தும் ஒட்டியும்தான் நிறைய வருகிறது. நல்லதாக ஒன்று வாங்க முந்நூறு முழுதும் போய்விடலாம். துருக்கி மொழியில் மேலச்சு செய்து துருக்கியின் டார்டனெல்ஸ் போர்முனைக்கு அனுப்பிய நோட்டு ஆயிரக்கணக்கில் போகும், அதைப் பற்றிக் கனவு மட்டும் காணலாம். ஃபிஷர் நோட்டு ஒன்று ஐம்பதுக்கு முன்பின்னாக அகப்படும். முதல் வாங்கலுக்கு இது கொஞ்சம் கஷ்டமான வகை, ஏனென்றால் ஒட்டுப்போட்டதையும் கழுவியதையும் கண்டுபிடிக்கக் கண் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாவது வழியைத்தான் நான் சொல்வேன்: பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஒரு பவுண்டு நோட்டு, 1928 முதல் 1984 வரை, தலைமைக் காசாளர் கையெழுத்து வரிசையாக. மஹோன், கேட்டர்ன்ஸ், பெப்பியட், பீல், ஓ’பிரையன், ஹாலம், ஃபோர்ட், பேஜ், சோமர்செட். ஒன்பது பேர். தொடக்கமும் முடிவும் உள்ள வரிசை, நடுவில் எட்டாத நோட்டு என்று எதுவும் இல்லை.

1928 நவம்பரில் கருவூலத்திடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு பேங்க் மறுபடி ஒரு பவுண்டு வெளியிட்டது. பச்சை நிறம், இரண்டு பக்கமும் அச்சு. பேங்கின் வண்ண நோட்டுகள் இங்கேதான் தொடங்குகின்றன. கையெழுத்து மஹோன். அவர் 1929-இலேயே பதவியிலிருந்து போய்விட்டதால் இந்த வரிசையில் விலை அதிகமான பெயர் அவருடையது. அடுத்தவர் கேட்டர்ன்ஸ் காலத்தில், 1931 செப்டம்பரில், பவுண்டைத் தங்கத்தோடு பிணைத்திருந்த முறையைப் பிரிட்டன் கைவிட்டது. “கேட்டவுடன் ஒரு பவுண்டு தருவதாக வாக்களிக்கிறேன்” என்ற வரி நோட்டில் அப்படியே இருந்தது. அதன் பின்னால் இருந்த தங்கம்தான் இல்லை. கேட்டர்ன்ஸ் கையெழுத்திட்ட இரண்டு நோட்டுகளைப் பார்த்து எது அதற்கு முன், எது பின் என்று வரிசை எண்ணை வைத்துத் தேடுவது ஒரு நல்ல பொழுதுபோக்கு.

பிறகு 1940-இன் நீல நோட்டு. இதை ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சை வடிவத்தையே எடுத்து நீலமும் இளஞ்சிவப்புச் சாயலுமாக மாற்றியிருப்பார்கள். தாளுக்கு உள்ளே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய உலோக இழை கறுப்புக் கோடாக ஓடும். இன்று நம் ஐந்நூறு ரூபாய் நோட்டு வரை எல்லாவற்றிலும் பார்க்கிற அந்த இழை பிரிட்டிஷ் நோட்டுக்குள் நுழைந்தது இங்கேதான். ஜெர்மனி கள்ள நோட்டு அடிக்கப்போகிறது என்ற தகவல் கிடைத்து அவசரமாக நிறம் மாற்றினார்கள். 1948-இல் பச்சை திரும்பிவிட்டது. நீல நோட்டு லட்சக்கணக்கில் பிழைத்திருப்பதால் புழங்கியது பத்து, பதினைந்து பவுண்டுக்கே கிடைக்கும். அந்த விலைக்கு இவ்வளவு கதை சொல்லும் வேறு நோட்டை நான் பார்த்ததில்லை.

1960 மார்ச்சில் ராணி வருகிறார். கருவூல நோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்திருக்கிறார், ஆனால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டில் ஆட்சியில் உள்ள அரசரின் முகம் வந்தது அதுவே முதல் தடவை. ராபர்ட் ஆஸ்டின் வரைந்த முகம் கடுமையாக இருக்கிறது, ராணி மாதிரியே இல்லை என்று அப்போது குறை சொன்னார்கள். பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும். இந்தக் கட்டத்தில் கண்ணுக்கு வேலை வருகிறது. சில நோட்டுகளின் பின்பக்கம் அடியில் பொடியாக ஒரு “ஜி” இருக்கும்: கோபல் கம்பெனி இயந்திரத்தில் அச்சானவை. வரிசை எண் “எம்” எழுத்தில் தொடங்கினால், அச்சில் பிழைபட்டதற்குப் பதிலாக வைத்த மாற்று நோட்டு. சாதாரண நோட்டுக் குவியலில் இவற்றை யாரும் பார்க்காமல் விட்டிருப்பார்கள். 

1978-இல் நியூட்டன் படத்தோடு கடைசி வடிவம் வந்தது. 1983-இல் ஒரு பவுண்டு நாணயம் வந்தபின் 1984 கடைசியோடு வெளியீடு நின்று, 1988 மார்ச் 11-இல் நோட்டு செல்லாததாயிற்று. பேஜும் சோமர்செட்டும் மடிப்பே விழாத சலவை நோட்டாக நாலைந்து பவுண்டுக்கு வரும். மஹோனுக்கு ஐம்பது, அறுபதுக்கு மேல் போகும். கேட்டர்ன்ஸ் அதில் பாதி. மற்றவை எல்லாம் இருபதுக்குள். நிலையில் ரொம்பக் கறாராக இல்லாவிட்டால் மொத்த வரிசையும் இருநூறுக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விலையில் உள்ள நோட்டைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே வாங்கும் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் பயிற்சி: காகிதம் எப்படி முறுக்காக இருக்க வேண்டும், நீர்க்குறி எங்கே விழும், அச்சு விரலுக்கு எப்படித் தட்டுப்படும் என்பதெல்லாம் பத்து பவுண்டு நோட்டுகளிலேயே படிந்துவிடும். அந்தக் கண்ணோடு போய் நூற்றைம்பது பவுண்டு நோட்டைப் பார்ப்பது வேறு விஷயம்.

ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நோட்டுகளின் பக்கம் போனால் திரும்பி வருவது கஷ்டம். 1826-இல் லண்டன் அரசாங்கம் சின்ன நோட்டுகளைத் தடைசெய்யப் பார்த்தபோது எதிர்த்து எழுதித் தடுத்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டில் இன்றும் அவர் முகம் இருக்கிறது. பிரிட்டிஷ் லினன் பேங்க் போன்று இணைந்து மறைந்துபோன வங்கிகள், ஒரே மதிப்பில் வங்கிக்கு ஒரு வடிவம், ஞாபகார்த்த வெளியீடுகள் என்று போய்க்கொண்டே இருக்கும். பெல்ஃபாஸ்டில் 2004 டிசம்பரில் நார்தர்ன் பேங்க்கிலிருந்து 2 கோடியே 65 லட்சம் பவுண்டு கொள்ளை போனபோது, அந்த வங்கி பத்து பவுண்டும் அதற்கு மேலுமான தன் நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு நிறத்தில் அடித்தது. கொள்ளைக்கு முந்திய நிறம், பிந்திய நிறம் என்று ஒரு ஜோடி சேர்க்கலாம். அழகும் வகையும் இங்கிலாந்து நோட்டைவிட அதிகம். எல்லை மட்டும் இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்களுக்கான துறை இது, அதனால் இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திப்போடச் சொல்வேன். ஜெர்சி தீவின் ஒரே ஒரு நோட்டுக்கு விதிவிலக்கு தருவேன்: ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது ஓவியர் எட்மண்ட் பிளாம்பீட் வரைந்த ஆறு பென்ஸ் நோட்டு. அதன் பின்பக்கம் இருக்கும் பெரிய எக்ஸ் எழுத்தை நோட்டோடு மடித்தால் வெற்றியைக் குறிக்கும் வி தெரியும். பிடித்துவைத்தவன் அனுமதித்த நோட்டிலேயே செய்த குறும்பு.

பாலிமர் என்கிற பிளாஸ்டிக் நோட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. 2016-இல் சர்ச்சில் படம் போட்ட ஐந்து பவுண்டு வந்தபோது, அதில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று சைவ உணவுக்காரர்களும் இந்துக் கோயில்களும் எதிர்த்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஏகே47 என்று தொடங்கும் எண்ணுக்கு இணையத்தில் நூற்றுக்கணக்கில் விலை கேட்டார்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. சீக்கிரமே அந்த ஜுரம் இறங்கியது. 2024-இல் சார்லஸ் மன்னர் நோட்டுகளின் மிகக் குறைந்த எண்கள் அறநிறுவனங்களுக்காக ஏலத்தில் மொத்தம் 9 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின, உண்மைதான். ஆனால் அவை பேங்கே எடுத்துக் கொடுத்த எண்கள். கடைச் சில்லறையில் உங்களுக்கு வரும் நோட்டு ஐந்து பவுண்டு, அதைச் செலவழித்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. முதல் சில நோட்டுகளை ஒரு கடையிலோ கண்காட்சியிலோ கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். புளூம்ஸ்பரியில் ஸ்பிங்க், மேஃபேரில் நூனன்ஸ் போன்ற ஏலக்கூடங்களில் ஏலத்துக்கு முன் நோட்டுகளைப் பார்க்க விடுவார்கள். வாங்காவிட்டாலும் போய்ப் பார்க்கலாம். ஏலத்தில் எடுத்தால் அடித்த விலைக்கு மேல் கட்டணம் ஒன்று சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். பார்த்தலமியூ லேனில் பேங்கின் அருங்காட்சியகம் இலவசம்தான். இணையப் படத்தை நம்பி வாங்குவதில் ஒரு தொல்லை: கழுவி, இஸ்திரி போட்டு, மடிப்பை மறைத்த நோட்டு படத்தில் சலவை நோட்டு மாதிரியே தெரியும். நேரில் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் பழைய மடிப்புக் கோடு எழுந்து நிற்கும். நோட்டும் சோற்றுக்கஞ்சி போட்ட துணி மாதிரி உயிரில்லாமல் தட்டையாக இருக்கும்.

ஊரிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1861 சட்டத்துக்குப் பின் வந்த இந்திய அரசாங்க நோட்டுகளை, 1928-இல் நாசிக் அச்சகம் வரும் வரை, லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து அச்சகமே அடித்தது. ஒரு பக்க அச்சு, நாள் குறிப்பு என்று வெள்ளை நோட்டின் சாடை அவற்றில் நிறைய. ஆனால் அவை இந்தக் காசுக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

வரிசையைத் தொடங்குவதற்கு முதல் நோட்டு நீல பெப்பியட். அடுத்து நியூட்டன் பவுண்டு ஒன்றைச் சலவை நிலையில், புது நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிவதற்காக. பிறகு நடுவில் உள்ளவர்களை நிதானமாக நிரப்பி, மஹோனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்த மடிப்புக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பது பழகியிருக்கும். நோட்டுகளை ஆல்பத்தில் வைக்கும்போது மலிவான பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அது நோட்டில் ஒட்டிக் கறையாக்கும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். முந்நூறில் நூறு, நூற்றிருபது மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு வெள்ளை ஐந்து பவுண்டைத் தேடிப் போகலாம். பீல் கையெழுத்து, குண்டூசித் துளை இருந்தால் பரவாயில்லை, ஓரம் கிழியாமல் இருந்தால் போதும். பின்பக்கத்தில் யாராவது பெயர் எழுதியிருந்தால், அதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.